அதிகாரி பார்க்கும்வரை அழுகட்டும்

நாங்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். வெள்ளம் வந்து போன வயலை உடனே சரிசெய்துவிட்டோம்.

இதைத் தப்பு என்று ஒத்துக்கொள்ளவே எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. அதுவரை அதை உழைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்த வழக்கத்தில் இதையும் எழுதுகிறேன். இந்த மனுவை யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

பெரியபாளையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது நிமிஷம் எங்கள் ஊர். ஆடி மாதம் அம்மனுக்கு வருகிற கூட்டமெல்லாம் வேப்பிலையோடு வந்து பொங்கலோடு திரும்பிவிடும். எங்கள் பக்கம் வருவது ஆரணி ஆறு மட்டும்தான். மேலே ஆந்திராவில் அணையைத் திறந்தால் இங்கே நாங்கள் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவோம். ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர். ஒரு ஏக்கர் மேடு, ஒரு ஏக்கர் பள்ளம். என் வீட்டுக்காரருக்கு அவர் அப்பா வழியில் வந்தது.

என் வீட்டுக்காரர் உலக விவகாரத்தில் பெரிய கெட்டிக்காரர் இல்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தால் கேட்கமாட்டார். பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்க வெட்கப்பட்டு இறங்கி வந்துவிடுவார். நான் அதற்காகத் திட்டாத நாள் இல்லை. ஆனால் வயலில் அவர் வேறு ஆள். வரப்பைச் சீவினால் சவரம் செய்த முகம் மாதிரி இருக்கும். ஒரு களையைப் பார்த்துவிட்டு அதைத் தாண்டி நடக்க அவரால் முடியாது. அடுத்தவர் வயலில் இருந்தால்கூடக் குனிந்து பிடுங்கிவிட்டுத்தான் வருவார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்குத் தலைக்கனம் உண்டு. உண்மையைச் சொன்னால் எனக்கும் உண்டு. வேறு எதைச் சொல்லி நான் பெருமைப்பட்டுக்கொள்வது?

முதல் வெள்ளம் கார்த்திகையில் வந்தது. சம்பாக் கதிர் பால் பிடிக்கிற நேரம். இரண்டு நாள் காற்றும் மழையும் அடித்து, ஆறு கரை தாண்டி உள்ளே வந்தது. மழை நின்றதும் போய்ப் பார்த்தோம். நெல் மொத்தமும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. அதன்மேல் தெர்மாகோல், எண்ணெய் கேன், ஒற்றைச் செருப்பு, யார் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியோ ஒன்று. கொடுக்கிற சாமி கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். எங்களுக்குக் கூரையைப் பிய்த்ததோடு சரி.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கிழக்கு வரப்பை வெட்டி, நின்ற தண்ணீரை வாய்க்காலில் விட்டார். அப்புறம் இரண்டு பேரும் இறங்கிக் கட்டத் தொடங்கினோம். சாய்ந்த நெல்லை நிறுத்துவது பெரிய வித்தையெல்லாம் இல்லை. நாலு குத்து நெல்லைச் சேர்த்து அணைத்துப் பிடித்து, அதன் தோகையாலேயே சுற்றி ஒரு முடிச்சுப் போட்டால், ஒன்றுக்கு ஒன்று முட்டுக் கொடுத்து நிற்கும். கதிர் தண்ணீரில் கிடந்து முளைக்காது. வித்தை இல்லை, இடுப்பு வேண்டும். இரண்டு ஏக்கரில் எத்தனை குத்து இருக்கும் என்று குனிந்தவருக்குத்தான் தெரியும். கூலிக்கு ஆள் கேட்டோம், ஒருவரும் வரவில்லை. அவரவர் வீட்டுக்குள் தண்ணீர். நாங்களே நாலு நாள் கட்டினோம். தோகை அறுத்து என் விரலெல்லாம் கீறல். சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். அவர் சிரித்தார்.

"இன்னா மே, கம்பெனி ஆபீசரம்மா மாதிரி கீற" என்றார்.

ஐந்தாம் நாள் வரப்பில் நின்று பார்த்தபோது வயல் முழுதும் சின்னச் சின்னக் கொண்டையாக நின்றது. எங்கள் கல்யாணத்தில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

எதிர் வயல் அவருடைய சித்தப்பா மகனுடையது. எனக்குக் கொழுந்தன் முறை. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நெல் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. வெள்ளம் வந்த வாரம் முழுக்க அவருக்கு லீவு கொடுக்கவில்லை. வயலில் தண்ணீர் அப்படியே நின்று, நெல் நாறிக்கொண்டிருந்தது. அந்த வயலைப் பார்த்து என் வீட்டுக்காரர் உச்சுக் கொட்டினார். நானும் சேர்ந்து கொட்டினேன்.

எட்டு நாள் கழித்துக் கணக்கெடுக்க வந்தார்கள். கிராம நிர்வாக அலுவலரும், வேளாண்மைத் துறையிலிருந்து ஒரு சின்ன வயது ஆபீசரும். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அவர்களைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். பொண்ணு பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுகிற மாதிரி வயலைக் காட்டினார்.

"நாங்க ரெண்டு பேரும் கட்டி நிறுத்துனது சார். நாலு நாளு. உள்ள வந்து பாருங்க, ஒரு குத்துகூட வுடல."

ஆபீசர் பையன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "சூப்பர்ங்க. எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்றான்.

இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் டீ போட்டு எடுத்துப் போனேன். இரண்டு பேரும் குடித்தார்கள். போனில் படம் எடுத்தார்கள். எந்த இடம், எந்தத் தேதி என்று படத்திலேயே விழும் என்றார்கள். இவர் தலையை வாரிக்கொண்டு வயலுக்கு முன்னால் நின்றார். பிறகு அவர்கள் எதிர் வயலைச் சாலையில் நின்றபடியே ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பஞ்சாயத்து ஆபீஸில் நிவாரண லிஸ்ட் ஒட்டினார்கள். கொழுந்தன் பெயர் இருந்தது. எங்கள் பெயர் இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் இருந்தால்தான் நிவாரணம். எங்கள் வயலில் சேதம் அதற்குக் கீழே என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. அவர்கள் பார்த்த அன்றைக்கு நெல் நின்றது. எங்கள் டீயைக் குடித்துவிட்டு, கண்ணால் கண்டதை எழுதினார்கள்.

தை மாதம் அறுத்தோம். கட்டி நிறுத்திய நெல் நின்றதே தவிர, பால் முற்றவில்லை. வேர் தண்ணீரில் கிடந்த கோளாறு. தூற்றினால் பாதிக்கு மேல் பறந்தது. உள்ளே அரிசி இல்லாத வெறும் உமி. எங்கள் பக்கத்தில் கருக்கா என்போம். மாடு தின்னாது, கோழி கிளறாது.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு மஞ்சள் பையில் கருக்காவை நிரப்பிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனேன். மனுவும் எழுதிப் போயிருந்தேன், நன்றாகவே எழுதியிருந்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மனுவைப் படித்தார், பையில் கையை விட்டுப் பார்த்தார், ஊதினார்.

"இது உங்க வயல்ல எடுத்ததுன்னு நான் எப்படிம்மா நம்பறது?"

"வந்து பாருங்க சார். ஜீப்பு வேணாம், ஆட்டோ சார்ஜு நான் குடுக்கறேன்."

"இன்னாத்த வந்து பாக்கறது? அதான் அறுத்துட்டீங்களே. நெல்லு நிக்கும்போது எடுத்த போட்டோ இருக்குது. நல்லா கீது."

நின்றபோது நன்றாக நின்றது என்று கொடுக்கவில்லை. அறுத்த பிறகு பார்க்க ஒன்றும் இல்லை என்று கொடுக்கவில்லை. அப்படியானால் நாங்கள் எப்போதுதான் நஷ்டப்பட்டோம்? பையைத் தலைகீழாக அவர் மேஜையில் கொட்டினேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கருக்கா கனமே இல்லாதது அல்லவா, ஃபைல், பீரோ, அவர் தலை எல்லா இடத்திலும் பறந்து உட்கார்ந்தது. இன்றைக்கு வரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார். "கோவப்படாதம்மா. உன் நல்லதுக்குச் சொல்றேன், கேட்டுக்கோ. அடுத்த தபா ஒண்ணும் பண்ணாதீங்க. தண்ணி நின்னா நிக்கட்டும். நாங்க வந்து பாக்கற வரைக்கும் கை வெக்காதீங்க."

அந்த ஆபீஸில் எனக்குக் கிடைத்த ஒரே உதவி அதுதான். மனுஷன் மனதாரச் சொன்னார் என்பதுதான் அதில் கொடுமை.

அந்த மாசியில் நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு வேலைக்குப் போனேன். காய்கறி நறுக்க, பாத்திரம் கழுவ. விடியலில் கம்பெனி பஸ் எங்கள் சாலை முனைக்கு வரும். கொழுந்தன்தான் சொல்லிச் சேர்த்துவிட்டார். இவருக்கும் கேட்டில் செக்யூரிட்டி வேலை இருக்கிறது, நீல பேன்ட், தொப்பி எல்லாம் கொடுப்பார்கள் என்றார். இவர் காதில் விழாத மாதிரி இருந்தார். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"இன்னும் கொஞ்ச நாளு பயிர் வெச்சுப் பாக்கறேன் மே."

அவர் அனுமதி கேட்டது என்னிடம். ஏனென்றால் அப்போது வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிறவள் நான்தான். அந்த மனுஷன் வயலை விட்டுவிட்டுக் கேட்டில் தொப்பி போட்டு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நின்றால் ஒரு வருஷம்கூடத் தாங்கமாட்டார் என்று தோன்றியது. எது போனாலும் போகட்டும், இவர் வயலில் இருக்க வேண்டும் என்று நான் முடிவுசெய்துகொண்டேன். அப்புறம் நான் செய்ததெல்லாம் அதற்காகத்தான். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் மழை அளவாகப் பெய்தது, விளைச்சலும் மோசமில்லை. அதற்கு அடுத்த வருஷம் மறுபடியும் ஆறு வந்தது, அதே கார்த்திகையில்.

இந்த முறை காற்று அவ்வளவு இல்லை. நெல் சாயவில்லை, முழங்காலுக்குமேல் தண்ணீரில் நின்றது. மேட்டு ஏக்கரில் கதிர் எல்லாம் தண்ணீருக்குமேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கிழக்கு வரப்பை வெட்டினால் அரை நாளில் வடிந்துவிடும். பிழைக்கிற பயிர். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காலையில் மண்வெட்டியோடு கிளம்பினார். நான் வாசற்படியில் போய் நின்றுகொண்டேன்.

"எங்க போற?"

"தண்ணி வுட்டுட்டு வரேன்."

"போவாத."

அவர் என்னை முறைத்தார். "இன்னாமே பேசற நீ? நாளைக்குள்ள வடிச்சா முக்காவாசி தேறிடும்."

"போன தபா நிறுத்துனியே, தேறிச்சா? பொழைக்க வெச்சிட்டுக் கருக்காவத் தூத்திக்கினு இருந்தோம். அவங்க வந்து பாக்கட்டும். அப்புறம் வடிக்கலாம்."

"அதுக்குள்ள செத்துரும் மே."

"சாவட்டும். செத்தாத்தான் குடுப்பான்."

சொன்னது நான்தான். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சொன்னதாகவோ, கொழுந்தன் சொன்னதாகவோ இப்போது மாற்றி எழுதலாம், யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் சொன்னது என் வாய். அவர் என்னைத் தள்ளிவிட்டுப் போயிருந்தால் இன்றைக்கு அவர் காலில் விழுவேன். போகவில்லை. மண்வெட்டியைச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.

ஒன்பது நாள் வரவில்லை அவர்கள். தினமும் காலையில் இவர் சாலைப் பாலம் வரைக்கும் போவார். வயலுக்குள் இறங்கமாட்டார், அங்கேயே நின்று பார்த்துவிட்டு வருவார். ஐந்தாம் நாள் தோகை மஞ்சளானது. ஏழாம் நாள் நாற்றம் தெருவுக்கு வந்தது. அந்த நாட்களில் அவர் என்னோடு சண்டை போடவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் நாம் குரலைத் தாழ்த்திப் பேசுவோமே, அந்த மாதிரி வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டோம்.

பத்தாம் நாள் ஜீப் வந்தது. வேறு ஆபீசர், ஒரு அம்மா. சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டாலும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நல்லவர்தான், குறை சொல்லமாட்டேன். எங்கள் வயலைப் பார்த்ததும் கூட வந்தவரிடம் சொன்னார்.

"இது கிளியரா இருக்குங்க. முழு டேமேஜ். மொதல்ல இதை போட்டோ எடுத்துடுங்க."

இவரைப் பார்த்து, "ஐயா, ஒரு பிடி பிடுங்கிக் கையில வெச்சுக்கோங்க. வேர் தெரியட்டும்" என்றார்.

இவர் குனிந்து பிடுங்கினார். பிடுங்க வேண்டிய அவசியமே இல்லாமல் கையோடு வந்தது. அழுகிய குத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் இடது பக்கம் வரச் சொன்னார்கள், வந்தார். இந்த முறை தலை வாரவில்லை. நான் டீ போடவில்லை.

லிஸ்ட்டில் எங்கள் பெயர் வந்தது. பணமும் வந்தது. கேன்டீனில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது என் போனில் மெசேஜ் விழுந்தது. நாற்று, நடவு, உரம் என்று நாங்கள் போட்டதில் பாதிகூட இல்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் படித்துக் காட்டினேன். "செரி" என்றார். அவ்வளவுதான். வந்ததே என்று ஒரு சந்தோஷம், ஏன் இவ்வளவு கம்மி என்று ஒரு கோபம், எதுவும் இல்லை. கொழுந்தன்தான் வந்து, "பாத்தியாண்ணா, அண்ணி புத்திசாலி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் அவரைக் காறித் துப்பியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு டீ கொடுத்தேன்.

போன வருஷம் ஆடி பிறந்தது. இவர் நாற்றங்காலுக்கு உழுவார் என்று பார்த்தேன். உழவில்லை. ஆவணியும் பிறந்தது. ஒருநாள் கேன்டீனிலிருந்து வந்தபோது சொன்னார், விதைத்துவிட்டேன் என்று. நான் போய்ப் பார்த்தேன். பள்ளத்து ஏக்கரில் மட்டும் ஏதோ மீந்துபோன விதையை வாரி இறைத்திருந்தார். வரிசை இல்லை, உரம் இல்லை, நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மேட்டு ஏக்கர் சும்மா கிடந்தது. யாருடைய ஆடுகளோ மேய்ந்துகொண்டிருந்தன. வரப்பில் கோரை என் முழங்கால் உயரம்.

"இன்னாய்யா இது?" என்றேன்.

"எதுக்கு மேட்டுல நடணும்? அங்க தண்ணி நிக்காது" என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "பயிருன்னு வி.ஏ.ஓ. எழுதற அடங்கல்ல ஏறிட்டா போதும். மிச்சத்த ஆறு பாத்துக்கும்."

நான் அவருக்கு முப்பது வருஷமாகச் சொல்லியும் ஏறாத உலக விவகாரம் அது. ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டுவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. அழுதால் எதற்கு என்று கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கார்த்திகை தொடங்கியதும் டிவியில் புயல் சின்னம் என்றார்கள். சென்னைக்கு வடக்கே கரையைக் கடக்கலாம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். இவர் மூன்று நாள் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பட்டா நகல், அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரிமேல் வைத்தார். நான் கேன்டீனுக்கு லீவு சொன்னேன். ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று இரண்டு முறை பாலம் வரைக்கும் போய் வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வானம் வெளுத்துவிட்டது. வெயிலே அடித்தது. புயல் நெல்லூருக்கு மேலே போய்விட்டதாம். டிவியில் வேறு ஊர், வேறு வயல், வேறு தண்ணீர் காட்டினார்கள்.

இவர் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"இந்த தபா ஏமாத்திடுச்சு மே" என்றார்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஊரான் வயல் மூழ்குகிறது, உனக்கு ஏமாற்றமா, நீயெல்லாம் நெல் போட்ட மனுஷனா என்று. ஆனால் அந்த வெயிலைப் பார்த்தபோது என் மனசுக்குள்ளும் சே என்றுதான் இருந்தது. நானும் அதற்காகத்தானே மூன்று நாள் லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன்.